கால் அமுங்கிய இடத்தில் ஓட்டை இல்லை

பாய்மரத்துக்கு ஒரு முழம் முன்னால், படகின் மேல்தளமான டெக்கில், அணியம் என்கிற முன்முனைப் பக்கம், வலது கால் வைத்த இடம் லேசாக அமுங்கியது. காலை எடுத்ததும் பழையபடி மேலே வந்துவிட்டது. குனிந்து பார்த்தேன். பைபரின் மேல்பூச்சான வெள்ளை ஜெல்கோட், அதில் தலைமுடி மாதிரி இரண்டு மூன்று கீறல், வேறொன்றும் இல்லை. "பழைய படகுதானே, கொஞ்சம் நெகிழத்தான் செய்யும்" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானத்துக்குக் கடைசியில் ஆன செலவு 1,38,000 ரூபாய், 18 மாதம். படகையே 1,60,000 ரூபாய்க்குத்தான் வாங்கினேன்.

நான் படகுக்காரன் இல்லை. தாத்தா பாம்பனில் வத்தை என்கிற நாட்டுப்படகு வைத்துப் பாய் கட்டி ஓடியவர். அப்பா காலத்தில் எஞ்சின் வந்துவிட்டது. நான் சவூதியில் 14 வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்துக்குத் திரும்பியவன். கையில் கொஞ்சம் காசு, மனசில் தாத்தாவின் பாய். புதுச்சேரிப் பக்கம் ஒருவர் சவுக்குத் தோப்பில் ஆறு வருஷமாக நிறுத்தி வைத்திருந்த 22 அடி பைபர் பாய்ப்படகு விலைக்கு வருகிறது என்று தெரிந்ததும் போய்ப் பார்த்து அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். அடிப்பாகத்தைத் தட்டிப் பார்த்தேன், சுக்கானை ஆட்டிப் பார்த்தேன், பாயை விரித்துப் பார்த்தேன். டெக்கைத் தட்டிப் பார்க்கத் தோன்றவே இல்லை. கால் அமுங்கியதுகூட லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிய பிறகுதான் தெரிந்தது.

இதைப் படிக்கிறவர்கள் யாராவது பழைய பைபர் படகு வாங்கப் போனால், ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிப் பிடித்து, அதன் கைப்பிடியால் டெக் முழுக்க நாலு விரற்கடைக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் "டொக் டொக்" என்று கணீரென்று பேசும். கெட்ட இடம் "பொத் பொத்" என்று செத்த சத்தம் தரும். காது இரண்டே நிமிஷத்தில் பழகிவிடும். பென்சிலால் எல்லைக்கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். அப்புறம் கேபினுக்குள் படுத்து அண்ணாந்து பாருங்கள். போல்ட் வரும் இடங்களைச் சுற்றி டீ வடிந்த மாதிரி பழுப்புக் கறை இருந்தால் மேலே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். விற்கிறவர் ஒத்துக்கொண்டால், உள்பக்கத்திலிருந்து 5 மி.மீ. பிட்டில் டேப் சுற்றி ஆழம் குறித்துக்கொண்டு, மேலே பொத்துக்கொண்டு போகாமல் ஒரு துளை போடச் சொல்லுங்கள். தூள் வெளிறிக் காய்ந்து வந்தால் நல்லது. கறுப்பாக, பிசுபிசுவென்று வந்தால் விலையைப் பாதியாகக் குறைத்துப் பேசுங்கள், இல்லாவிட்டால் கும்பிடு போட்டுவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

இந்த டெக் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதே எனக்கு அப்போது தெரியாது. மேலே 3 மி.மீ. பைபர் தோல், கீழே 2 மி.மீ. பைபர் தோல், நடுவில் 12 மி.மீ. பலகை. மூன்றும் ஒன்றாக ஒட்டியிருக்கும்வரைதான் அதற்குப் பலம். வெறும் பைபரிலேயே அந்த விறைப்பு வேண்டுமென்றால் கனமாகப் போட வேண்டும், படகின் தலை கனத்துவிடும். அதனால் நடுவே பலகை வைத்து இரண்டு தோலையும் ஒன்றுக்கொன்று விலக்கி வைக்கிறார்கள். பலகை ஊறி மக்கிவிட்டால் இரண்டு தோலும் தனித்தனியாக ஆடும். கால் அமுங்குவது அதனால்தான்.

நம் கரையில் பைபர் வேலைக்கு ஆள் பஞ்சமே இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கரையெங்கும் பைபர் வள்ளம் பெருகியது. ஊருக்கு இரண்டு பேராவது மேட் என்கிற கண்ணாடி இழை விரிப்பும் அதை ஊறவைத்து இறுக்கும் ரெசினுமாக வேலை பார்ப்பார்கள். எனக்குத் தெரிந்த மேஸ்திரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, மேல ரெண்டு மேட்டு போட்டு இழுத்து விட்டா கல்லு மாதிரி நிக்கும், ஒரு நாள் வேலை" என்றார். அவர் ஏமாற்றவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். வள்ளத்தின் உடம்பு முழுக்க ஒரே பைபர். உள்ளே பலகை கிடையாது. அது கீறினால் மேலே மேட் போட்டால் சரியாகிவிடும். இருபது வருஷமாக அவர் கையில் அப்படித்தான் சரியாகி வந்திருக்கிறது. என் படகு வேறு சாதி என்பது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஏப்ரலில் அந்த வேலை முடிந்தது. கூலியும் சாமானும் சேர்த்து 14,500 ரூபாய். மேலே நின்று குதித்துப் பார்த்தேன். கல்தான்.

அந்தக் கல் நவம்பர்வரை நின்றது. நம் மாவட்டத்துக்கு மழையே வடகிழக்குப் பருவத்தில்தான், ஐப்பசி கார்த்திகையில். மூன்று நாள் அடைமழை பெய்து விட்டதும் போய்ப் பார்த்தால், போட்ட ஒட்டுக்கு அடியில் தோசை உப்பின மாதிரி ஒரு கொப்புளம். அமுக்கினால் ஓரத்தில் பழுப்புத் தண்ணீர் கசிந்தது. உள்ளே இருந்த ஈரத்தை வெளியேற விடாமல் நானே மூடி போட்டு வைத்திருக்கிறேன். ஆறு மாதம் அது உள்ளேயே வெந்து பக்கத்துப் பலகையையும் தின்றிருக்கிறது. அன்றைக்குப் படகின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சொல்லவும் வெட்கம். "இரும்பு வாங்கிப் போட்டிருந்தா விலை ஏறியிருக்கும்" என்று மாமனார் ஏற்கெனவே ஒரு தடவை சொல்லியிருந்தார்.

அப்போதும் நேர்வழிக்கு வரவில்லை. சின்னச் சின்னத் துளை போட்டு ஊசியில் ரெசின் ஏற்றினால் போதும் என்று வீடியோ பார்த்து அதையும் யோசித்தேன். ஈரப் பலகைக்குள் ரெசின் போகாது. போனாலும் ஒட்டாது. சுற்றிக் கொஞ்சம் தேங்கிக் கட்டியாகும், அவ்வளவுதான். நல்லவேளை, அதற்குக் காசு செலவழிக்கவில்லை.

டிசம்பரில் கிரைண்டரை எடுத்தேன். மழைக்காலத்தில் டெக்கைத் திறந்தது அடுத்த மடத்தனம். மேல் தோலை மட்டும் வெட்ட வேண்டும், கீழ்த் தோல் படகின் வடிவத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருக்க வேண்டும். ஓரத்தில் இரண்டு அங்குலம் பழைய தோலை விட்டுவிட்டு வெட்டினேன். புதுத் தோல் வந்து பிடிக்க அந்த விளிம்பு வேண்டும். வெட்டிய தோலை நெம்பித் தூக்கியதும் வந்த நாற்றம், பல நாள் மூடிக் கிடந்த கிணற்றின் வாடை. பலகை என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை, ஊறிய புகையிலை மாதிரி கறுப்புச் சக்கை. கையாலேயே அள்ளினேன். முதலில் ஒரு முறம் அளவுக்குத்தான் வெட்டினேன். விளிம்பில் பலகை ஈரமாக இருக்க, இன்னும் ஒரு சாண், இன்னும் ஒரு முழம் என்று போய், கடைசியில் முன்டெக் முழுக்கவும் ஒரு பக்க நடைபாதையும் திறந்து கிடந்தன. காய்ந்து வெளுத்த பலகை கண்ணில் படும்வரை வெட்டுங்கள், பட்ட பிறகும் ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள். "இது கொஞ்சம்தான் ஈரம், காய்ந்துவிடும்" என்று விட்ட இரண்டு இடங்களை நான் மறுபடி வெட்ட வேண்டி வந்தது.

கறுப்புச் சக்கை ஒரு கோடாக, வாய்க்கால் போல, அணியத்தை நோக்கி ஓடியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனால், கால் அமுங்கிய இடத்திலிருந்து ஐந்தடி தள்ளி, நங்கூரக் கயிறு கட்டும் கிளீட்டின் நாலு போல்ட்டில் போய் நின்றது. அணியம் உயரம், பாய்மரத்தடி தாழ்வு. மேலே போல்ட் ஓட்டை வழியாகப் புகுந்த தண்ணீர் ப்ளைவுட்டின் இழையோடு உள்ளுக்குள்ளேயே இறங்கி வந்து, தாழ்ந்த இடத்தில் தேங்கி, அங்கே மக்கியிருக்கிறது. கால் அமுங்கிய இடத்தில் ஒரு ஓட்டைகூட இல்லை! நானும் மேஸ்திரியும் அந்த இடத்தையே பூசிக்கொண்டிருந்தோம். போல்ட் ஓட்டையோ தாராளமாக வாயைத் திறந்துகொண்டு இருந்திருக்கிறது. அதற்கப்புறம் டெக்கில் உள்ள ஓட்டைகளை எண்ணினேன். 46. அதில் 9 ஓட்டையில் எந்தச் சாமானும் இல்லை. பழைய சொந்தக்காரர்களில் யாரோ எதையோ கழற்றிவிட்டு மேலே மட்டும் புட்டி தடவி வைத்திருந்தார்கள்.

இதை மேஸ்திரியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சக்கையைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "அட, இது நம்ம பின்பலகை சீக்கு தம்பி" என்றார். அவுட்போர்டு எஞ்சின் மாட்டுகிற வள்ளத்தில் பின்பலகைக்குள் மட்டும் ப்ளைவுட் வைத்துப் பைபரால் மூடியிருப்பார்கள். எஞ்சின் போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி அது உள்ளுக்குள் மக்கும், ஒருநாள் எஞ்சின் ஆட ஆரம்பிக்கும். வள்ளம் வைத்திருப்பவர்களுக்கும் இந்தக் கதை ஆகும் என்பதால் சொல்கிறேன். அன்றைக்கு அவர் கூலி வாங்காமல் ஒரு மணி நேரம் கூட நின்று வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

காயவைப்பதில் இரண்டு மாதம் போனது. தார்ப்பாயை டெக்கின் மேலேயே போர்த்தியிருந்தேன். பகல் வெயிலில் அடியில் வியர்த்து, ராத்திரி அதுவே சொட்டியது. தார்ப்பாயைக் கம்பு நட்டுப் பந்தல் மாதிரி உயர்த்திக் கட்ட வேண்டும், நாலு பக்கமும் காற்று போக வேண்டும். இன்னொன்று, கடல் தண்ணீர் ஊறிய இடத்தில் உப்பு நின்றுவிடும். பகலில் காய்ந்த மாதிரி தெரியும், விடியற்காலையில் தொட்டால் பிசுக்கென்று இருக்கும். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிறது. நல்ல தண்ணீரால் மூன்று நாலு தடவை கழுவித் துடைத்த பிறகுதான் அது நின்றது. நம் ஊரில் நல்ல தண்ணீர் என்றால் குடக் கணக்கில் விலைக்கு வாங்குவது. டெக் கழுவக் குடிதண்ணீர் வாங்குகிறவனைப் பார்த்துத் தெருவே சிரித்தது. காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு சுலப வழி உண்டு. ஒரு பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் பனி பூத்தால் இன்னும் காயவில்லை.

அப்புறம் ப்ளைவுட். கடையில் "மரைன்" என்று சொல்லி, மேலே முத்திரையும் காட்டி, இரண்டு ஷீட் 7,200 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். மரைன் ப்ளைவுட்டுக்கு உள்ள இந்தியத் தர எண் ஐ.எஸ். 710. சாதாரண வீட்டு வேலை ப்ளைவுட்டுக்கு ஐ.எஸ். 303. ஷீட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து நிதானமாகப் படித்தபோது அதில் இருந்தது 303. படிக்காமல் வாங்கியது என் தப்பு. இருந்தாலும் ஒரு ஆசை, ஒரு துண்டு வெட்டி இட்லிக் குண்டானில் போட்டுக் கொதிக்க வைத்தேன். 710 தரத்துக்கு 72 மணி நேரம் கொதியில் தாங்க வேண்டும் என்பது கணக்கு. என் துண்டு மூன்றாவது மணி நேரத்தில் வாழைப்பட்டை மாதிரி இதழ் இதழாகப் பிரிந்தது. குண்டானும் போனது, அதில் மறுபடி இட்லி அவிக்க வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. மதுரையிலிருந்து 710 தரத்தில் 6 மி.மீ. ஷீட் நாலு வரவழைத்தேன். வண்டிச் சத்தத்தோடு 11,000 ரூபாய். 12 மி.மீ. ஷீட் ஒன்றாகப் போட்டால் டெக்கின் வளைவுக்கு இறங்காது. 6 மி.மீ. ஷீட்டை இரண்டு அடுக்காக, மேல் அடுக்கின் இணைப்பு கீழ் அடுக்கின் இணைப்புக்கு நேராக வராதபடி தள்ளிப் போட்டால் வளைந்து உட்காரும்.

ரெசின் விஷயத்தில்தான் அதிகம் அடிபட்டேன். முதலில் வள்ளத்துக்குப் போடும் பாலியெஸ்டர் ரெசினையே வாங்கினேன். விலை குறைவு, ராமநாதபுரத்திலேயே கிடைக்கும். சித்திரை மாதம், மத்தியானம் இரண்டு மணி, ஒரு பெயிண்ட் வாளியில் ஒன்றரைக் கிலோ கலந்தேன். பாதி தடவுவதற்குள் வாளி கையைச் சுட்டது. திரும்பிப் பார்த்தால் புகை. மணலில் எறிந்தேன். வாளி உருகிச் சப்பிப்போய், உள்ளே இருந்தது வெடித்த கல்லாகக் கிடந்தது. ரெசின் இறுகும்போது அதுவே சூடு கிளப்பும். ஆழமான பாத்திரத்தில் சூடு வெளியே போக வழியில்லை, சூடு ஏற ஏற இன்னும் வேகமாக இறுகும். எந்த ரெசினாக இருந்தாலும் நம் வெயிலுக்கு அரைக் கிலோவுக்கு மேல் ஒரே தடவையில் கலக்காதீர்கள். கலந்ததும் அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பிவிடுங்கள். இன்னொரு எச்சரிக்கை, பாலியெஸ்டர் வேலை செய்கிறவர்கள் பழக்கத்தில் அசட்டையாக இருப்பார்கள்: ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட்டையும் அதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் நேராக ஒன்றோடு ஒன்று சேர்க்கவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலந்த பிறகுதான் கேட்டலிஸ்ட். இரண்டையும் ஒரே கரண்டியால் அளக்காதீர்கள், ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.

புகைந்தது போக மீதியை வைத்து ஒட்டிய முதல் நாலு பலகையும் ஒரு வாரம் கழித்து உளியால் நெம்பியதும் அப்பளம் மாதிரி வந்துவிட்டன. புதிதாக ஈர ரெசின் மேல் ஈர ரெசினாக ஒரு வள்ளம் கட்டும்போது பாலியெஸ்டர் நன்றாக ஒட்டும். பழைய, இறுகிய பைபரிலும் மரத்திலும் அதன் பிடி குறைவு. 16,000 ரூபாய் சாமான் வீண். இந்த வேலைக்கு எபாக்ஸி என்கிற இன்னொரு வகை ரெசின்தான். கொச்சியிலிருந்து பார்சலில் 30 கிலோ வரவழைத்தேன், 42,000 ரூபாய். தலை சுற்றியது. ஆனால் முதலிலேயே இதை வாங்கியிருந்தால் அந்த 16,000 மிச்சம்.

எபாக்ஸிக்கு வள்ளப் பழக்கம் எதுவும் உதவாது. பாலியெஸ்டரில் வெயிலைப் பார்த்துக் கேட்டலிஸ்ட்டைக் கொஞ்சம் கூட்டலாம், குறைக்கலாம், மேஸ்திரிகள் மூடியால் அளந்து ஊற்றுவார்கள். எபாக்ஸியில் ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகாது, காலத்துக்கும் பிசுபிசுத்துக் கிடக்கும். டப்பாவில் போட்ட விகிதம் எடையா கொள்ளளவா என்று பார்த்து, டிஜிட்டல் தராசில் வைத்து அளங்கள். வள்ளத்துக்குப் போடும் அதே மேட்டை எபாக்ஸியோடு போட்டு ஒரு தடவை அவதிப்பட்டேன். அந்த மேட்டில் இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை பாலியெஸ்டரில் கரைகிற பசை. எபாக்ஸியில் அது கரையாது. மேட் விறைத்துக்கொண்டு வளைவில் படியாமல் எழும்பி நிற்கும். நெய்த துணி வாங்க வேண்டும். எபாக்ஸி இறுகிய பிறகு சில சமயம் மேலே மெழுகு தடவின மாதிரி ஒரு வழுவழுப்பு படியும். அடுத்த பூச்சுக்கு முன் வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் போட்டு அதைக் கழுவிவிட்டுத் தேயுங்கள். கழுவாமல் தேய்த்தால் அது உப்புத்தாளோடு உள்ளேயே போய் அப்பும்.

நேரம் பிடிபட ஒரு மாதம் ஆனது. காலை வேலை செய்தால் வெயில் ஏற ஏறப் பலகைக்குள் இருக்கும் காற்று விரிந்து, ஈர எபாக்ஸியில் குமிழ் குமிழாக வரும். சாயங்காலம் நாலு மணிக்கு, நிழல் இறங்கி மரம் குளிரும்போது தொடங்கினால் குமிழ் வருவதில்லை, பலகை எபாக்ஸியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆனால் பனி இறங்குவதற்குள் பூச்சு இறுகியாக வேண்டும். அந்த மூன்று மணி நேரம்தான் நாளுக்கு நாள் கிடைக்கிற வேலை நேரம். ஆனி பிறந்ததும் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அதையும் பிடுங்கிக்கொண்டது. ஈர ரெசினில் மணல் வந்து ரவை தூவின மாதிரி ஒட்டியது. சாக்கை ஈரமாக்கிக் காற்று வரும் பக்கம் தொங்கவிட்டு ஓரளவு சமாளித்தேன். தை கடைசியிலிருந்து பங்குனிக்குள் இந்த வேலையை முடிப்பதுதான் நம் கரைக்குச் சரி. மழை ஓய்ந்திருக்கும், காற்று அடங்கியிருக்கும், வெயிலும் உச்சத்துக்குப் போயிருக்காது.

ஒட்டுவது பெரிய வித்தை இல்லை. கீழ்த் தோலை நன்றாகத் தேய்த்து, அசிட்டோன் துணியால் துடைத்து, பலகையின் அடி, மேல், முக்கியமாக வெட்டிய ஓரம் எல்லாவற்றுக்கும் தண்ணியான எபாக்ஸி ஒரு கை. பிறகு எபாக்ஸியைக் கெட்டியாக்கும் ஏரோசில் பொடி கலந்து வடை மாவுப் பதத்துக்கு ஆக்கி, பல் வைத்த கரண்டியால் கீழ்த் தோலில் பரப்பி, பலகையை வைத்து அமுக்க வேண்டும். ஓரங்களில் மாவு பிதுங்கி வந்தால் அடியில் வெற்றிடம் இல்லை. மேலே பாலிதீன், அதற்கு மேல் மணல் மூட்டை. மறுநாள் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டிப் பார்த்தபோது டெக் முதன்முறையாக "டொக்" என்று பேசியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்வதில் வெட்கமில்லை. மேல் தோல் போடும்போது பழைய விளிம்பைச் சரிவாகத் தேய்க்க வேண்டும், தோலின் கனத்தைப் போல் 12 மடங்கு அகலத்துக்கு. என்னுடையது 3 மி.மீ., ஆக 36 மி.மீ. சரிவு. நெட்டுக்குத்தாக வெட்டிய விளிம்பில் துணியை முட்ட வைத்தால் அந்தக் கோட்டிலேயே பிளக்கும்.

பைபர் தூசி பற்றி ஒரு வார்த்தை. முதல் நாள் லுங்கியும் பனியனுமாகத் தேய்த்தேன். ஒரு வாரம் தூக்கம் இல்லை. முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி, தூசிக்கு வடிகட்டி வைத்த மாஸ்க், எல்லாம் போட்ட பிறகுதான் கிரைண்டரைத் தொட வேண்டும். துண்டைக் கட்டிக்கொள்வது எதற்கும் ஆகாது. வேலை முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் குளியுங்கள், வெந்நீர் ஊறலைக் கூட்டும் என்று மேஸ்திரி சொன்னார், என் உடம்பில் அது சரியாகத்தான் இருந்தது. அந்தத் துணியைக் குழந்தைகள் துணியோடு ஊறப்போட்டு நான் வாங்கிய திட்டு தனி. தனியாகக் கிரைண்டர் பிடிக்காதீர்கள். ஒருநாள் பிளேடு மாட்டித் துள்ளிக் கிரைண்டர் தொடைக்கு ஒரு விரல் இடைவெளியில் போனது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் அன்றைக்கு நாய்கூட இல்லை.

ஓட்டைகளுக்கு வருகிறேன். 6 மி.மீ. போல்ட் போகும் இடத்தில் மேலிருந்து 14 மி.மீ. துளை போட்டேன், கீழ்த் தோலை மட்டும் விட்டுவிட்டு. அந்தக் குழி முழுக்க எபாக்ஸி மாவை நிரப்பி, இறுகிய பிறகு நடுவில் 6 மி.மீ. துளை. இனிமேல் போல்ட்டைச் சுற்றித் தண்ணீர் இறங்கினாலும் அது எபாக்ஸிக் குழாய் வழியாகக் கேபினுக்குள் சொட்டும், பலகையைத் தொடாது. சொட்டினால் கண்ணுக்குத் தெரியும். 46 ஓட்டையில் வேண்டாத 9-ஐ நிரந்தரமாக அடைத்தேன், மீதி 37-க்கும் இதுதான் வைத்தியம். பாய்மரம் நிற்கும் இடத்தில் பலகையே வைக்கவில்லை, அத்தனை பாரமும் அங்கே இறங்குவதால் பைபர் துணியை அடுக்கடுக்காகப் போட்டுத் திண்ணையாக்கிவிட்டேன். சாமான்களை மாட்டும்போது பாத்ரூம் சிலிக்கானைத் தடவாதீர்கள். அதன் பிடி நாளாவட்டத்தில் விடும், விட்ட இடத்தில் அப்புறம் வேறு எதுவும் ஒட்டாது. படகுக்குரிய பாலிசல்பைடு பசை போட்டு, முதலில் பாதி முறுக்கி, பசை ரப்பர் பதம் வந்த பிறகு போல்ட் தலையைத் திருகாமல் அடியில் நட்டை மட்டும் முறுக்குங்கள். ஒரேயடியாக முறுக்கினால் பசையெல்லாம் பிதுங்கி வெளியே வந்துவிடும்.

பெயிண்ட் வெள்ளைக்குப் பக்கத்து நிறம்தான். நீலம் அடிக்க ஆசைப்பட்டேன், வைகாசி வெயிலில் அதன் மேல் வெறுங்காலோடு நிற்க முடியாது. வழுக்காமல் இருக்கச் சலித்த மணல் தூவினேன். கடல் மணல் வேண்டாம், உப்பும் கிளிஞ்சலும் கலந்திருக்கும். மேலே சொன்னவற்றில் வீணானது மட்டும் 37,700 ரூபாய், பாதிக்கும் மேல் மாதங்களும் அதிலேயே போயின.

ஆவணியில் படகை வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், இறக்கினேன். அந்த நேரத்தில் மன்னார் வளைகுடாவான தென்கடல் கொந்தளிப்பாக இருக்கும், வடகடல்தான் குளம் மாதிரி கிடக்கும். பாய் ஏற்றினால் தீவுக்குப் போகலாமே என்று கேட்காதவர் இல்லை. மன்னார் வளைகுடாவில் இருக்கும் 21 தீவுகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை, வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே இறங்கக் கூடாது. எனக்குக் கரையை ஒட்டி ஓடினாலே போதும். தாத்தா சொல்லிக்கொடுத்ததெல்லாம் கை மறந்துபோயிருக்கிறது.

போன ஐப்பசியில் முதல் பெருமழை ராத்திரி பத்து மணிக்குப் பிடித்தது. குடையோடு போய்க் கேபினுக்குள் படுத்து, டார்ச் அடித்து, ஒவ்வொரு போல்ட்டின் அடியிலும் விரலைத் தேய்த்துப் பார்த்தேன். 36 காய்ந்திருந்தன. இடதுபக்க நடைபாதையில் கம்பி நடும் தாங்கியின் பின் போல்ட்டில் மட்டும் ஒரு சொட்டு நின்றது, துடைத்தால் ஐந்து நிமிஷத்தில் மறுபடி ஒன்று. பசை காய்வதற்கு முன் நான் முறுக்கிவிட்ட போல்ட் அதுவாகத்தான் இருக்கும். அடியில் ஒரு டம்ளரைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு வந்தேன். தை பிறந்து வெயில் வரட்டும், கழற்ற வேண்டும்.